பட்டா எரிந்தால் நிலம் எரியுமா?

1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. மதுரையில் சித்திரைத் திருவிழாக் கொடி ஏறியிருந்த சமயம். காலையில் காப்பியை முடித்துக்கொண்டு, நின்றுபோன நாவலைத் தொடரும் உத்தேசத்தோடு கம்ப்யூட்டரைப் போட்டேன். விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது: டிஸ்க்கைக் காணோமாம்! பதினொரு அத்தியாயங்கள் உள்ளே கிடந்தன. காகிதத்தில் பிரதி கிடையாது.

டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடைக்காரரிடம் ஓடினேன்.

"பார்மெட் பண்ணி எல்லாத்தையும் புதுசாப் போட்டுடலாம் சார். அரை நாள் வேலை."

"என் கதை?"

"அது போனது போனதுதான்."

எனக்கு மட்டும் வந்த கஷ்டமல்ல அது. தாய்வானில் சென் இங்-ஹவ் என்ற மாணவர் 1998-இல் எழுதிய சி.ஐ.எச். வைரஸின் கைவரிசை. விண்டோஸ் 95, 98 யந்திரங்களில் பதுங்கியிருந்து அன்றைக்கென்று விழித்துக்கொண்டது. 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்ததும் ஏப்ரல் 26 ஆகையால், பத்திரிகைகள் அதற்குச் செர்னோபில் என்றே பெயர் வைத்தன. தென் கொரியாவுக்கும் துருக்கிக்கும் இந்தியாவுக்கும் பலத்த அடி. சில யந்திரங்களில் பயாஸ் சில்லும் பாழாகி, திரையில் வெளிச்சமே வரவில்லை. என்னுடையது அவ்வளவு தூரம் போகவில்லை.

வைரஸ் அழித்தது எவ்வளவு என்கிறீர்கள்? ஹார்ட் டிஸ்க்கின் முதல் ஒரு மெகாபைட். என்னுடைய 4 ஜிகாபைட்டில் நாலாயிரத்தில் ஒரு பங்கு! ஆனால் யந்திரத்தை எழுப்பும் குறிப்பும், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையின் தொடக்கமும் அங்கேதான் இருந்தன. மேலூர்ப் பக்கத்தில் ஒருவர் வீட்டில் பட்டா எரிந்துபோனால் வயல் எங்கே போகும்? தாலுகா ஆபீஸில் நகல் இருக்கிறதா என்றுதானே பார்ப்பார்!

நகல் இருந்தது. விண்டோஸ் அந்த அட்டவணையை இரண்டு பிரதிகளாக வைத்திருந்தது. பழைய பாட்16 முறையில் இரண்டும் சிறியவை; அடுத்தடுத்து இருந்ததால் சேர்ந்தே அழிந்தன. பாட்32 முறையிலோ முதல் பிரதியே பல மெகாபைட் நீளம். இரண்டாவது வைரஸின் கைக்கு எட்டவில்லை. அதைக் கண்டுபிடித்து முதல் பிரதியைச் சீராக்க, கலிபோர்னியாவில் ஸ்டீவ் கிப்ஸன் என்பவர் ஒரு சிறு புரோகிராம் எழுதி இலவசமாக வழங்கினார்.

பார்மெட் செய்தவர்கள் கதி? இரண்டு அட்டவணைகளையும் துடைத்து, கோப்புகளின் மேலேயே புதிய விண்டோஸை எழுதிக்கொண்டார்கள். சென் விட்டுவைத்ததை அவசரம் முடித்தது என்பது என் அபிப்பிராயம்.

என் அக்கா மகன் இன்ஜினீயரிங் மாணவன். "மாமா, நான் வர்ற வரைக்கும் அதைத் தொடாதீங்க" என்று போனில் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டான். அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு ஒரு ப்ளாப்பியோடு வந்தான். அதிலிருந்து யந்திரத்தை எழுப்பி, அட்டவணையைச் சீராக்கி, வைரஸையும் துடைத்தான். ஒரு மணி நேரம் நான் திண்ணையில் போய் உட்கார்ந்திருந்தேன், பார்க்கத் தைரியமில்லை.

பதினொரு அத்தியாயங்களும் வந்துவிட்டன. அன்றிரவே படித்துப் பார்த்தேன். எட்டாவதை நானே அழித்தேன்.