86 கிராம் சத்துமாவு

தெற்கு டெல்லியின் முனிர்கா ஒரு காலத்தில் ஜாட்டுகளின் கிராமம். இன்று அதன் சந்துகளில் வீட்டுக்கு நாலைந்து மாடி. ஒற்றை அறைகளில் வடகிழக்கு மாநில இளைஞர்களும் மாணவர்களும் குடியிருக்கிறார்கள். பாபா கங்நாத் சாலையில், 1977இல் உருவான தேசிய சுகாதார, குடும்பநல நிறுவனம் இருக்கிறது. சற்றுத் தெற்கே, குதுப் நிறுவனப் பகுதியில் இந்திய ஊட்டச்சத்து அறக்கட்டளை. அதை 1980இல் தொடங்கியவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன்.

ஏழை வீட்டு அடுப்பை ஆய்வகம் எட்டிப்பார்த்த கதை குன்னூரில் தொடங்குகிறது. அங்கிருந்த ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநர் அய்க்ராய்ட், 1937இல் இந்திய உணவுப் பொருட்களின் சத்து அட்டவணையை வெளியிட்டார். எதில் என்ன சத்து என்பதோடு, போதுமான உணவைத் திட்டமிடுவது எப்படி என்றும் அது சொன்னது. 1958இல் ஆய்வகம் ஐதராபாத்துக்குப் போனது; 1960களில் அதன் தலைமை கோபாலனிடம் இருந்தது.

அப்போது உலகமே ‘புரத நெருக்கடி’ என்று பதறிக்கொண்டிருந்தது. மீன் மாவு முதல் பெட்ரோலியத்தில் வளர்த்த ஈஸ்ட் வரை யோசனைகள் பறந்தன. கோபாலன் குழு கண்டது வேறு: குழந்தைக்கு வயிறு நிறையவில்லை. வீட்டுத் தானியமும் பருப்பும் போதிய அளவு கிடைத்தாலே பெரும்பாலும் புரதமும் கூடவே வந்துவிடும்.

ஐதராபாத் கலவை இந்த எண்ணத்தின் சமையல் வடிவம். வறுத்த கோதுமை 40 கிராம், பொட்டுக்கடலை 16, வறுத்த நிலக்கடலை 10, வெல்லம் 20. முதல் மூன்றையும் அரைத்து, வெல்லத்தைப் பொடித்துச் சேர்த்து டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 86 கிராம். 330 கலோரி, 11 கிராமுக்குச் சற்று மேல் புரதம். நம் பாட்டிமார் அறிந்த சத்துமாவுதான் (அவர்கள் தராசு பிடிக்கவில்லை, அவ்வளவே!).

1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் சத்துணவுப் பாடத்தை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. ஊர்ப் பெண்களே பணியாளர்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு 90 நாள் கூடுதல் உணவு, தாய்க்கு ஆலோசனை. எடை தேறினால் உணவு நிற்கும். பிறகு கைகொடுப்பது தாய் கற்றுக்கொண்டதுதான் என்பதால், உணவைவிட அந்த ஆலோசனையே திட்டத்தின் உயிர்நாடி.

முனிர்காவின் மளிகைக் கடைகளில் கடலைக்கும் வெல்லத்துக்கும் பஞ்சமில்லை. அருகிலுள்ள அந்த இரு நிறுவனங்களும், வாடகை அறை இளைஞர்களுக்கும் தாய்மாருக்கும் வாரம் ஒரு மாலை ஐதராபாத் கலவையைச் செய்துகாட்ட முன்வரலாம்.