ஒரே பந்தி, ரெண்டு கல்லறை

நாங்கள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஐம்பது வருஷம் ஆனதை ஒட்டி 2024இல் ஒன்றுகூடினோம். அதற்கு ஒரு மலர் போடுவது என்று முடிவானது. 'நீதான் எழுதுவியே, நம்ம செட்டோட வரலாற எழுதிக் குடுப்பா' என்று என்னிடம் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். ரெண்டு பத்தியை எடுத்துட்டாப் போட்டுடலாம் என்று பதில் வந்தது. ஒன்று கல்லறையைப் பற்றியது. இன்னொன்று சர்டிபிகேட்டைப் பற்றியது. 'நல்ல நாளும் அதுவுமா அதெல்லாம் எதுக்குப்பா' என்றார்கள். எடுக்க மனசு வரவில்லை. என் கட்டுரை இல்லாமலே மலர் வந்தது. அதில், சாதி பேதம் பார்க்காமல் நம்மை வளர்த்த தாய்மடி என்று பள்ளியைப் பற்றி ஒரு வரி இருந்தது. அந்த வரியில் பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உண்மையாக உள்ள பாதியை முதலில் சொல்லிவிட வேண்டும். 1968இல் தென்னாற்காட்டுப் பக்கம் ஒரு கத்தோலிக்க போர்டிங்கில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். எங்க அப்பா படியாள். என்னை மாடு மேய்க்க அனுப்பச் சொல்லி ஆண்டை வீட்டிலிருந்து ரெண்டு தடவை ஆள் வந்துவிட்டது. மூன்றாவது தடவை வருவதற்குள், கோழி கூப்பிடுவதற்கு முன்னால் எழுப்பி, தகரப்பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு அப்பா என்னை நடத்தியே கூட்டிப்போனது. 'சாமியாருகிட்ட உட்டுட்டா ஆண்டை வந்து கேக்க முடியாதுடா' என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தது. படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு பிள்ளையாவது பண்ணையிலிருந்து தப்பிக்கட்டும் என்பதுதான் அதன் கணக்கு. மிஷன் வரலாறுகளில் இந்தக் கணக்கைப் பார்க்க முடியாது. எத்தனை பேர் ஞானஸ்நானம் வாங்கினார்கள் என்ற கணக்குத்தான் இருக்கும்.

போர்டிங்கில் சோளமாவு உப்புமா, கோதுமை ரவை, பால்பவுடர் கரைத்த தண்ணிப் பால். எல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்தது. ரெண்டு கை குலுக்குகிற படம் போட்ட எண்ணெய் டின்னைத்தான் பிறகு வாளியாக வைத்துக்கொண்டோம். ஊர்த்தெருப் பையன்களும் சேரிப் பையன்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரே கிணற்றில் இறைத்தோம். எங்க ஊர் டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ். இங்கே நான் ஊற்றிய தண்ணீரை ஊர்த்தெருப் பையன் வாங்கிக் குடித்தான். அந்த முதல் நாள் என் கை நடுங்கியது. அவனுக்கு அது நினைவே இல்லை. எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. இந்தப் பந்தியை வைத்த சாமியார்களையும் சிஸ்டர்களையும் நன்றியோடு நினைக்கிறேன். அதில் மாற்றம் இல்லை.

ஆனால் இந்தப் பள்ளிக்கூடங்கள் யாரோ மனம் இரங்கிப் போட்ட பிச்சை என்பதுபோல எழுதுகிறார்களே, அதை ஏற்க முடியாது. நம்ம சனங்கள் கேட்டு வாங்கியது இது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் செத்தவர்களில் பெரும் பகுதி கூலி சனங்கள். பஞ்சத்தின்போதும் அதற்குப் பிறகும் சேரி சேரியாக மிஷன்களைத் தேடிப் போனார்கள். கஞ்சி கேட்டார்கள். கூடவே பள்ளிக்கூடமும், ஆண்டையோடு வழக்கு வந்தால் கூட நிற்க ஓர் ஆளும் கேட்டார்கள். அரிசிக் கிறிஸ்தவர்கள் என்று ஊர் கேலி செய்தது. அரிசிக்காகப் போனதில் என்ன கேவலம்? அரிசியை விளைவித்தவன் அரிசிக்குக் கையேந்தும்படி வைத்தவனுக்குத்தானே கேவலம்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. 1893இல் சென்னை அரசு பஞ்சமர் கல்விக்குச் சலுகைகளை அறிவித்தது. அதே 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1894இல் அடையாறில் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிக் கல்வியைப் பற்றி ஓயாமல் எழுதினார். பௌத்தத்தின் வழியாக, கிறிஸ்தவத்தின் வழியாக, சர்க்காருக்கு மனுப் போடுவதன் வழியாக என்று அந்தத் தலைமுறை எந்தக் கதவு திறக்குமோ அந்தக் கதவைத் தட்டியது. பள்ளிக்கூடத்துக்குள் போன பிறகும் நிம்மதி இல்லை. கோயம்புத்தூரில் படித்தபோது சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து மற்ற மாணவர்களோடு கலக்காமல் ஒதுங்கியே இருந்ததாக இரட்டைமலை சீனிவாசன் தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பயம் எங்களுக்குத் தெரியும்.

இனி மீதிப் பாதி.

திருச்சபைக்குள் சாதி எப்போது வந்தது என்று கேட்டால், வரும்போதே கூட்டிக்கொண்டுதான் வந்தது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி பிராமண சந்நியாசி போல வாழ்ந்து மேல்சாதியாரிடம் பேசினார். பிறகு கீழ்ச்சாதியாருக்கென்று பண்டாரசாமிகள் தனியாக வந்தார்கள். சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குரு போகலாமா கூடாதா என்பது ரோமாபுரி வரைக்கும் போன வழக்கு. போகத்தான் வேண்டும் என்று 1744இல் போப்பு பதினான்காம் பெனடிக்ட் ஆணையிட்டார். அதற்கு இங்கே கண்ட வழி என்ன தெரியுமா? பறையர்களுக்கென்று தனியாகக் குருக்களை ஏற்பாடு செய்வது. ஆணையும் நிறைவேறியது, தீட்டும் காப்பாற்றப்பட்டது.

அடுத்த வருஷம், 1745இல், புதுச்சேரியில் நடந்த ஒரு காரியத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. பறையர்கள் ஒன்றாகப் போய்ப் பெரிய சாமியாரிடம் முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அந்த முறையீட்டைத்தான். ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. ஆனால் ஏறக்குறைய 280 வருஷத்துக்கு முன்னாலேயே நம்ம சனங்கள் போய் நின்று 'இந்தச் சுவர் எதுக்கு' என்று கேட்டிருக்கிறார்கள்.

புராட்டஸ்டண்டுகள் மட்டும் யோக்கியமா என்றால் அங்கேயும் இதே கதைதான். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டை அடியோடு விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். பிறகு சாதி விஷயத்தில் விட்டுக்கொடுத்த லீப்சிக் லுத்தரன் மிஷனுக்குப் பலர் மாறிப் போனார்கள். வேதத்தை மாற்றினாலும் மாற்றுவேன், பந்தியை மாற்றமாட்டேன் என்பதுதான் இதன் அர்த்தம்.

எங்க பள்ளிக்கூடம் இந்த வரலாற்றுக்குள்தான் நின்றது. வாரம் ஆறு நாள் ஒரே பந்தி. ஞாயிற்றுக்கிழமை அதே காம்பவுண்டில் உள்ள பங்குக் கோயிலில் பூசை. போர்டிங் பிள்ளைகள் உயரப்படி முன்னால் உட்காருவோம். எங்களுக்குப் பின்னால் ஊர்த்தெருக்காரர்கள் நடுவில், சேரிக்காரர்கள் இடப்பக்கச் சிறகில். எங்கம்மா என்னைப் பார்க்க வந்தால் அங்கேதான் நிற்கும். பூசை முடிந்து நான் அங்கே ஓடுவேன். கூட உட்கார்ந்திருந்தவன் வேறு பக்கம் ஓடுவான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கால் தானாகப் போகும். திருவிழாவில் சப்பரம் ஊர்த்தெருவைச் சுற்றி வந்து நின்றுவிடும். சேரிக்கு வராது.

எங்க செட்டில் ஒருவன் சாமியாராகப் போக ஆசைப்பட்டான். ஜெபத்தில் அவன்தான் முதல், மார்க்கிலும் அவன்தான். 'உனக்கு உபதேசியார் வேலை நல்லாப் பொருந்தும்' என்று சொல்லிவிட்டார்கள். அவனைவிட மார்க் குறைந்த ஊர்த்தெருப் பையன் செமினரிக்குப் போனான். அழைத்தல் கடவுள் கொடுப்பது என்றுதான் எங்களுக்கு ஞானோபதேசத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்.

இப்போது அந்த சர்டிபிகேட் பத்தி. 1974இல் பள்ளியை விட்டு வெளியே வந்தபோது எங்கள் டி.சி.யில் கிறிஸ்தவ ஆதிதிராவிடர் என்று எழுதியிருந்தது. அதன் பொருள் எங்களுக்கு அப்போது தெரியாது. 1950இல் ஜனாதிபதி பிறப்பித்த ஷெட்யூல்டு சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் ஷெட்யூல்டு சாதியாகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் எங்களைப் பிற்பட்டோர் பட்டியலில் வைத்தார்கள். அதே தெரு, அதே பண்ணை, அதே தனி கிளாஸ். இந்துவாக இருந்த சித்தப்பா மகனுக்கு ஸ்காலர்ஷிப்பும் அரசு விடுதியும் கிடைத்தன. எங்களுக்கு இல்லை.

சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவர் இதைச் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் கொண்டுபோனார். ஷெட்யூல்டு சாதித் தொழிலாளிகளுக்கு இலவசப் பெட்டிக்கடை கொடுத்தபோது கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு மறுத்தார்கள். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஆதாரம் வேண்டுமென்றால் எங்க ஊர்க் கல்லறைக்கு வந்திருக்கலாம். மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007இல் அறிக்கை கொடுத்தது. அதை ஏற்காமல் 2022இல் இன்னொரு கமிஷன் போட்டார்கள்.

செமினரிக்குப் போக முடியாமல் போனவன் என்ன ஆனான்? பி.யு.சி.யில் இடம் கிடைத்தும் பணம் கட்ட முடியவில்லை. ரெண்டு வருஷம் செங்கல் சூளையில் வேலை பார்த்தான். பிறகு இந்துப் பெயரில் சர்டிபிகேட் வாங்கி, சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனான். ஆபீசில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போய்ப் பின்னால் நின்று பூசை பார்த்துவிட்டு வருவான். அவனை வேஷக்காரன் என்று பேசியவர்கள் உண்டு. ரெண்டு பெயரை வைத்துக்கொள்ளும்படி அவனுக்கு யார் செய்தது என்று அவர்கள் கேட்கவில்லை. அவன் செத்தபோது வீட்டார் கோயில் கல்லறையில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்றார்கள். பெரிய வாக்குவாதத்துக்குப் பிறகு சம்மதித்தார்கள். அந்தக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் ஓடுகிறது. சுவருக்கு இந்தப் பக்கம், சேரிப் பக்கம்தான் குழி வெட்டினார்கள். சர்க்காருக்கு அவன் இந்து. வீட்டாருக்குக் கிறிஸ்தவன். கல்லறைக்கு அவன் பறையன். எடுக்கச் சொன்ன பத்திகளில் இதுவும் ஒன்று.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். ஆயர்களே ஒப்புக்கொண்டதை எங்க மலர்க் குழு அச்சில் போடப் பயந்தது.

நான் தண்ணீர் ஊற்றியவன் மலர் வந்த மறு வாரம் போன் பண்ணினான். 'நம்ம பள்ளிக்கூடத்துல அதெல்லாம் ஏதுப்பா, நான் பாத்ததே இல்லையே' என்றான். பொய் சொல்லவில்லை. அவன் பார்த்ததே இல்லைதான். 'உங்க அப்பாவ எங்க வச்சிருக்கு' என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. 'சுவத்துக்கு அந்தப் பக்கம்' என்றான். 'எங்க அப்பா இந்தப் பக்கம்டா' என்றேன்.

சுவரை எடுக்கச் சொல்லி மறைமாவட்டத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். எங்க செட்டில் மிச்சம் இருக்கிற சேரிப் பிள்ளைகள் ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். அதை அவனுக்கும் அனுப்பியிருக்கிறேன். 'பாக்கலாம்' என்று சொல்லியிருக்கிறான். பத்தாவது கையெழுத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம்.