அபர்டீன் பஜாரின் எடைக்கல்

சென்னையிலிருந்து கடல்வழியே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அந்தமானின் தலைநகர். முன்னர் போர்ட் பிளேர், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். அதன் அபர்டீன் பஜாரில் விற்கும் அரிசியும் பருப்பும் பெரும்பாலும் கப்பலேறி வந்தவை. 1858இல் தொடங்கிய கைதிகள் குடியிருப்பு 1945இல் ஒழிந்தது. பின்னர்த் தமிழரும் வங்காளிகளும் பிறரும் பெருகினர். ஊர்தோறும் மக்கள் பழகிய அளவைகளோ வெவ்வேறு. சென்னைச் சேர் 24 தோலா, அதாவது சுமார் 280 கிராம். வங்காளச் சேர் 80 தோலா, சுமார் 933 கிராம். மொழிபெயர்ப்பே தொழிலான எனக்கு இச்சொல் பெருஞ்சங்கடம்: பெயர் ஒன்று, பொருளோ மூன்று மடங்குக்கும் மேல்! இத்தகைய குழப்பத்தில் ஏமாறுபவர் கணக்கறியாத ஏழையரே.

1956இல் நாடாளுமன்றம் எடை அளவைத் தரச் சட்டத்தை இயற்றிற்று. 1958 அக்டோபர் 1 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக வழக்கிற்கு வந்தன. சென்னை மொத்த வியாபாரி எழுதும் பட்டியலைத் தீவுக் கடைக்காரரும் கல்கத்தா வணிகரும் ஐயமின்றிப் படிக்க இயன்றது. முன்பின் அறியாதாரோடும் கொடுக்கல் வாங்கல் எளிதாயிற்று. வாணிகம் வளர்வதற்கு இதனினும் மலிவான உதவியைச் சர்க்கார் செய்திருக்க இயலாது என்பது என் கருத்து. ஆயினும் கப்பல் தாமதித்தால் ஏறும் விலையை எடைக்கல் தடுக்காது. அதற்கு நியாயவிலைக் கடையும் சர்க்கார் கப்பலும் வேண்டியிருந்தன.