லிங்கன் 'கொடுத்த' விடுதலை: ஒரு வினைச்சொல்லை முன்வைத்து

ஆபிரகாம் லிங்கன் அடிமைகளுக்கு விடுதலை கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் மனப்பாடம் பண்ணிய வாக்கியம். இதில் எழுவாய் லிங்கன், செயப்படுபொருள் விடுதலை. அடிமைகளோ நான்காம் வேற்றுமையில், ஏந்திய கையோடு நிற்கிறார்கள். நான்காம் வேற்றுமையின் பொருள்களை வரிசைப்படுத்தும்போது நன்னூல் முதலில் சொல்வதே கொடையைத்தான். ஒரு பெருங்கதையாடலே இந்தச் சின்ன 'கு' உருபுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

லிங்கனும் வெள்ளை இனவாதிதான் என்று நிரூபித்துவிட்டுப் போவது இன்றைக்கு ரொம்பச் சுலபம். அதற்கான ஆதாரங்களை அவரே தாராளமாக விட்டுச்சென்றிருக்கிறார். ஆனால் அப்படி அவரைக் கவிழ்த்துப் போட்ட பிறகும் எழுவாய் அவராகவேதான் இருக்கிறார். நல்லவரா கெட்டவரா என்று அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். அடிமைகள் அதே நான்காம் வேற்றுமையில் நின்றுகொண்டிருப்பார்கள். எனவே என் கேள்வி வேறு: அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்ன நடந்தது?

1861 மார்ச் 4 அன்று பதவியேற்ற லிங்கன், அடிமை முறை இருக்கிற மாநிலங்களில் அதில் தலையிடும் எண்ணமும் தனக்கில்லை, சட்டப்படி உரிமையும் இல்லை என்று அறிவித்தார். அன்று அந்த நாட்டில் ஏறத்தாழ 40 லட்சம் அடிமைகள். ஏப்ரலில் போர் மூண்டது. பிரிந்துபோன தென் மாநிலங்களைத் திரும்ப இணைப்பது மட்டுமே வடக்கின் அறிவிக்கப்பட்ட நோக்கம்.

அடுத்த மாதமே அந்த நோக்கத்தில் ஓட்டை விழுந்தது. வர்ஜீனியாவில் வடக்கு ராணுவத்தின் வசமிருந்த மன்றோ கோட்டைக்கு ஒரு மே மாத இரவில் படகில் மூன்று அடிமைகள் தப்பி வந்தார்கள். பிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மலோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட். தென் ராணுவத்துக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் வைக்கப்பட்டிருந்தவர்கள். ஓடிப்போன அடிமையைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லும் சட்டத்தைக் காட்டி, எஜமானன் சார்பில் ஓர் அதிகாரி வந்து கேட்டார். கோட்டைத் தளபதி பட்லர் ஒரு வக்கீல். 'நீங்கள்தான் தனி நாடு என்கிறீர்களே, எங்கள் சட்டம் உங்களுக்கு எதற்கு?' என்கிற பாணியில் மறுத்துவிட்டார். எதிரி போருக்குப் பயன்படுத்தும் சொத்து, ஆகவே பறிமுதல் என்பது அவர் வாதம். கவனியுங்கள், மனிதன் சொத்துதான் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் செய்தி பரவியது. சில வாரங்களுக்குள் நூற்றுக்கணக்கான பேர், பெண்களும் குழந்தைகளுமாக, அந்தக் கோட்டைக்கு நடந்தே வந்து சேர்ந்தார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் இதை ஒட்டி ஒரு பறிமுதல் சட்டம் செய்தது. ஆக, முதலில் ஓடியது அடிமை. பின்னால் ஓடி வந்தது சட்டம்.

போர் நெடுகிலும் நடந்த இந்த ஓட்டத்தை 1935இல் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் 'பொது வேலைநிறுத்தம்' என்று பெயரிட்டு எழுதினார். தோட்டத்தை விட்டுப் போவது என்பது எஜமானனின் உற்பத்தியை நிறுத்துவது. எதிர்ப்பக்க முகாமுக்குப் போவது என்பது அதே உழைப்பை அவனுக்கு எதிராகத் திருப்புவது. துரைமார்களின் வரலாற்றில் 'ஓடிப்போனவன்' என்று பதிவானவனை டு பாய்ஸ் வேலைநிறுத்தக்காரனாக வாசித்தார். பெயர் மாறியதும் வரலாறே மாறிவிட்டது.

சரி, இந்தக் காலத்தில் லிங்கன் என்ன செய்துகொண்டிருந்தார்? 1861இல் மிசௌரியில் தளபதி ஃப்ரேமான்ட் கலகக்காரர்களின் அடிமைகளை விடுவித்து ஆணையிட்டார். லிங்கன் அதை மாற்றவைத்தார். 1862 மே மாதம் தளபதி ஹன்ட்டர் தென் கடற்கரையில் மூன்று மாநிலங்களுக்கு அதையே செய்தார். லிங்கன் ரத்து செய்தார். கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலவேர் ஆகிய எல்லை மாநிலங்கள் அடிமை முறையோடு வடக்கின் பக்கம் இருந்தன. அவை கைநழுவிப் போய்விடும் என்கிற பயம். 1862 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமை முறையை ஒழித்த சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். அதில் நஷ்டஈடு யாருக்குத் தெரியுமா? ஓர் அடிமைக்கு 300 டாலர் வரை எஜமானனுக்கு. விடுதலை பெற்றவனுக்கு அவன் நாட்டை விட்டே போவதானால் 100 டாலர் வரை. அதே ஆகஸ்டில் ஐந்து கறுப்புப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்து, மத்திய அமெரிக்காவில் குடியேறச் சொல்லி அறிவுரை கூறினார்.

அதற்கு முன்பே, ஜூலை 22 அன்று, விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அமைச்சரவையில் வாசித்தும் காட்டியிருந்தார். இரண்டும் ஒரே மனிதர்தான். வேஷம் என்றோ, மனமாற்றம் என்றோ இதைச் சுருக்க நான் விரும்பவில்லை. நாலாபக்கமும் நெருக்கப்பட்ட ஓர் அதிகார மையம் அசைகிற விதம் இது.

1863 ஜனவரி 1இல் வெளியான பிரகடனம் கலக மாநிலங்களுக்கு மட்டும்தான். எல்லை மாநிலங்களுக்கு இல்லை. டென்னசி, லூசியானாவின் சில பகுதிகள், வர்ஜீனியாவின் சில பகுதிகள் விலக்கப்பட்டன. கைக்கு எட்டாத இடத்தில்தான் விடுதலையா என்று அப்போதே கேலி செய்தார்கள். கேலியில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் காகிதம் இரண்டு காரியம் செய்தது. வடக்கு ராணுவம் முன்னேறும் ஒவ்வொரு மைலையும் சட்டப்படி விடுதலைப் பிரதேசமாக்கியது. கறுப்பனின் கையில் துப்பாக்கி கொடுக்க வழி திறந்தது. போர் முடிவதற்குள் சுமார் 1,80,000 கறுப்பர்கள் ராணுவத்தில் சேர்ந்தார்கள்.

அங்கேயும் சும்மா கிடைத்தது எதுவுமில்லை. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் துணிக்கு 3 டாலர் பிடித்தம். வில்லியம் வாக்கர் என்கிற கறுப்பு சார்ஜென்ட் தன் ஆட்களோடு போய்த் தளபதியின் கூடாரத்துக்கு முன்னால் துப்பாக்கிகளைப் போட்டுவிட்டு, சமச்சம்பளம் இல்லையென்றால் வேலை இல்லை என்றார். கலகக் குற்றம் சாட்டி 1864 பிப்ரவரியில் அவரைச் சுட்டுக் கொன்றது, விடுதலைக்காகப் போரிட்ட அதே ராணுவம். நாடாளுமன்றம் சமச்சம்பளத்தை ஏற்றது அந்த ஜூனில்.

1864 ஆகஸ்டில் லிங்கன் தேர்தலில் தோற்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அடிமை ஒழிப்பு நிபந்தனையைக் கைவிட்டால் சமாதானம் வரும், ஓட்டும் வரும் என்று சொந்தக் கட்சிக்காரர்களே நெருக்கினார்கள். அவர் மறுத்தார். தமக்காகப் போரிட்ட கறுப்பு வீரர்களை மறுபடி அடிமைகளாக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அவருடைய பங்கை நான் இங்கேதான் வைத்து மதிப்பிடுவேன். தள்ளினால் நகரக்கூடியவராக இருந்தார். நகர்ந்த பிறகு பின்வாங்கவில்லை. எத்தனை தலைவர்களைப் பற்றி நாம் இப்படிச் சொல்ல முடியும்? ஆனால் அந்த உறுதிக்கு அடித்தளமாக இருந்தது துப்பாக்கி ஏந்திய கறுப்பு உடல்கள்தான். 1865 ஜனவரி 31 அன்று அடிமை ஒழிப்புச் சட்டத்திருத்தம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. 'குற்றத்துக்கான தண்டனையாகத் தவிர' என்று அதிலும் ஒரு கதவு திறந்தே விடப்பட்டது. பின்னர் சிறைக் கைதிகளைக் கூலிக்கு விடும் முறை அந்தக் கதவு வழியாகத்தான் நுழைந்தது.

'கொடுத்தார்' என்கிற வினைச்சொல்லில் உள்ள ஆபத்து நிலத்தில் வெளிப்பட்டது. 1865 ஜனவரி 12 அன்று சவானா நகரில் கறுப்புத் தேவாலயத் தலைவர்கள் 20 பேர் தளபதி ஷெர்மனைச் சந்தித்தார்கள். அவர்கள் சார்பில் பேசிய கேரிசன் ஃப்ரேசியர், தன் விடுதலையைத் தன் காசு கொடுத்து வாங்கியவர். எங்களுக்கு நிலம் வேண்டும், அதை நாங்களே உழுது பிழைத்துக்கொள்வோம் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். நான்கு நாட்களில் ஷெர்மன் ஆணையிட்டார்: குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அதே ஆண்டில் அந்த நிலங்களைப் பழைய எஜமானர்களிடம் திருப்பிக் கொடுக்கச் செய்தார். ஆணையால் கொடுத்தது ஆணையால் போயிற்று.

1876இல் வாஷிங்டனில் ஒரு சிலை திறந்தார்கள். லிங்கன் நிற்கிறார், ஒரு கையில் பிரகடனம். காலடியில் மண்டியிட்ட கறுப்பன். சிலைக்கான பணம் விடுதலை பெற்ற கறுப்பர்களுடையது. முதல் 5 டாலர் சார்லட் ஸ்காட் என்கிற பெண் கொடுத்தது. வடிவத்தைத் தீர்மானித்தது வெள்ளையர்கள். திறப்புவிழாவில் பேசிய ஃப்ரெடரிக் டக்ளஸ், தானே அடிமையாக இருந்து தப்பி வந்தவர், லிங்கன் முதன்மையாக வெள்ளையரின் ஜனாதிபதி என்று அந்தச் சிலையின் முன்னாலேயே சொன்னார். சில நாட்களில் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், நிமிர்ந்து நிற்கும் கறுப்பனின் சிலை ஒன்றைப் பார்க்க ஆசை என்றார். அதே சிலையின் பாஸ்டன் பிரதியை 2020 டிசம்பரில் அகற்றினார்கள். வாஷிங்டனில் வைத்ததோ இன்றும் அங்கேயே இருக்கிறது. நம் பாடப்புத்தக வாக்கியமும் அந்தச் சிலையும் ஒன்றுதான். வாக்கியத்தையாவது நாம் மாற்றி எழுதலாம்: அடிமைகள் தங்களை விடுவித்துக்கொண்டார்கள், லிங்கனைக் கையெழுத்துப் போட வைத்தார்கள்.