மேலே ஒரு ஸ்டேஷன், கீழே ஒரு ஸ்டேஷன்

மூணாறுக்குச் சுற்றுலா போனவர்களுக்கு டாப் ஸ்டேஷன் தெரிந்திருக்கும். பனி, பள்ளத்தாக்கு, மக்காச்சோளம், போட்டோ. ஆனால், 'டாப்' என்று ஒன்று இருந்தால் 'பாட்டம்' என்று ஒன்று இருக்க வேண்டுமே, அது எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

இருக்கிறது. போடிநாயக்கனூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள கொட்டகுடிதான் அது.

1902-ல் மூணாறு தேயிலையை வெளியே கொண்டுவர, குண்டளை பள்ளத்தாக்கில் ஒரு விநோதமான ரயில் விட்டார்கள். ஒற்றைத் தண்டவாளம். அதன் மேல் சின்னச் சக்கரங்கள். வண்டி சாயாமல் இருக்க, பக்கத்து ரோட்டில் உருளும் ஒரு பெரிய சக்கரம். இழுப்பது எது தெரியுமா? காளை மாடு! 1908-ல் அதை எடுத்துவிட்டு நிஜமான குட்டி ரயிலே விட்டார்கள். அது மலை உச்சியில் வந்து நிற்கிற இடம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கிக்கொண்டே கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டு வண்டியில் போடி. அப்புறம் ரயில், கப்பல், லண்டன்.

எவ்வளவு அழகான திட்டம்! ஆனால், யாருக்காகப் போட்ட திட்டம்? தேயிலைக்காக. பெட்டிகள் ஆகாயத்தில் போயின. அந்தச் சரிவில் வாழ்ந்த முதுவர்கள் கீழே நடந்தே போனார்கள்.

1924 ஜூலை பெருவெள்ளம் அந்தக் குட்டி ரயிலை அடித்துக்கொண்டு போனது. காலப்போக்கில் ரோப்வேயும் ஓய்ந்தது. பெயர்கள் மட்டும் மிச்சம்.

சரி, போடிக்கு வருவோம். 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. தொண்ணூறு கிலோமீட்டர். ஏலக்காய் மணக்கும் ஊருக்கு ரயில் வந்தால் கேட்க வேண்டுமா! ஆனால், அந்தச் சந்தோஷம் பதினாலு வருஷம்தான். இரண்டாம் உலகப் போர். 1942-ல் ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போர் நடந்தது எங்கேயோ. தண்டவாளம் போனது போடிக்கு!

சுதந்திரம் வந்த பிறகு, 1950-களில் மீட்டர் கேஜ் பாதையாகத் திரும்பக் கிடைத்தது. 2010-ம் ஆண்டின் கடைசியோடு அதுவும் நின்றது. இந்த முறை நல்ல காரியத்துக்குத்தான், அகலப்பாதையாக்க. கொஞ்ச நாள் பொறுங்கள் என்றார்கள். ஐநூறு கோடிக்கு மேல் செலவில் தேனி வரை ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன் மாதம். பன்னிரண்டரை வருஷம்! ரயில் நின்றபோது ஒண்ணாங்கிளாஸில் இருந்த பிள்ளை, பிளஸ் டூ முடித்து காலேஜுக்கே போயிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ரயில் வந்தபோதும் போனபோதும் ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை. மனு கொடுத்தார்கள், போராடினார்கள். அது வேறு. 'உங்களுக்கு என்ன வேணும்?' என்று முன்கூட்டியே கேட்பது வேறு.

அமெரிக்காவில் 1962-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். பெருநகரப் பகுதிகளுக்கு மத்திய அரசின் சாலைப் பணம் வேண்டுமா? உள்ளாட்சிகளும் சேர்ந்து தொடர்ச்சியாகத் திட்டமிட வேண்டும். இன்று அங்கே குறைந்தது இருபது வருடத்துக்கான போக்குவரத்துத் திட்டம் எழுதி, நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை அதைத் திருத்த வேண்டும். திருத்துகிற ஒவ்வொரு முறையும் மக்களிடம் கருத்துக் கேட்டாக வேண்டும்.

நம் ஊரில் வழியே இல்லையா? இருக்கிறது. 1992-ம் ஆண்டின் 74-வது அரசியல் சட்டத் திருத்தம், மாவட்டத் திட்டக்குழு என்று ஒன்றைச் சொல்கிறது. பஞ்சாயத்துகளும் நகராட்சிகளும் போடும் திட்டங்களைச் சேர்த்து, மாவட்டத்துக்கே ஒரு வரைவுத் திட்டம் எழுதுவது அதன் வேலை. உங்கள் மாவட்டத்துக் குழு கடைசியாக எழுதிய திட்டத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

இன்னொன்று, 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதி. பெரிய நெடுஞ்சாலை போடுமுன் முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்து, திட்டச் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் வைத்து, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். ஆனால், புது நிலம் எடுக்காமல் ரோட்டை அகலப்படுத்தினால் கூட்டம் வேண்டாம். ரயில் பாதைக்கோ இந்த விதியே பொருந்தாது!

கேட்டால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடுமா? அதுவும் இல்லை. தேவாரத்திலிருந்து சாக்குலத்து மெட்டுக்கு ரோடு வேண்டும் என்பது பல வருடக் கோரிக்கை. கேரளத்துப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருப்பவருக்கும், அங்கே கூலிக்குப் போகிறவருக்கும் சுற்றுவழி மிச்சமாகும். வனத்துறை யோசிக்கிறது, குறுக்கே இருப்பது காடு. 1980-ம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும். அந்த யோசனையும் தப்பில்லை. போடிமெட்டு - மூணாறு ரோட்டை அகலப்படுத்தியபோது, கேப் ரோட்டில் 2019-லும் 2020-லும் மலை எப்படிச் சரிந்தது என்று பார்த்தோமே.

அதே சமயம், 2018 மார்ச் 11-ம் தேதி குரங்கணிக் காட்டுத் தீயையும் மறக்க முடியாது. மலையேற வந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரோடு இல்லாத சரிவில், காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டியிருந்தது.

ரோடு வந்தால் காடு போகும். வராவிட்டால் உயிர் போகும். இந்த இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பேசத்தான் கூட்டம் வேண்டும். அதில் யார் உட்கார வேண்டும்? வியாபாரியும் அதிகாரியும் எப்படியும் வந்துவிடுவார்கள். விடிவதற்கு முன்பே தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏலக்காய் பறிக்கப் போகிற அக்காமார்கள்? கூட்டத்தைக் காலை பதினோரு மணிக்கு வைத்தால் அவர்கள் எப்படி வருவார்கள்? ஒருநாள் கூலியை யார் கொடுப்பார்கள்?

அதனால் கருத்துக் கேட்கிறவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. கூட்டத்தைச் சாயங்காலம் வையுங்கள். ஜீப் மலையிறங்கி வந்த பிறகு.