பராபரன் — ஒரு சொல்லாய்வு

கிறித்தவ மறையைத் தமிழிற் பெயர்க்கத் தொடங்கிய நாள்முதல் பெயர்ப்பாளரை வருத்திய வினா ஒன்று உண்டு. ஒரே கடவுளை எச்சொல்லாற் சுட்டுவது என்பதே அது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தன் பெயரிலேயே ஒரு விடையைத் தாங்கி நின்றது. மதுரையில் தொண்டாற்றிய நொபிலி அடிகள் ‘சருவேசுரன்’ என்றார். 1715இல் தரங்கம்பாடியில் அச்சேறி முற்றுப்பெற்ற புதிய ஏற்பாட்டில் சீகன்பால்கு ஐயரும் அச்சொல்லையே ஆண்டார். 1772இல் வெளிவந்த பப்ரிசியுசு ஐயரின் புதிய ஏற்பாடோ ‘பராபரன்’ என்பதைக் கைக்கொண்டது. இன்று அருகிவிட்ட இச்சொல்லின் பொருளையும் வழக்கையும் ஈண்டு ஆராய்வோம்.

பரம், அபரம் என்னும் இரு வடசொற்கள் கூடிப் பராபரம் என்றாயின. முன்னது மேலானதையும் பின்னது அதன் மறுதலையையும் குறிக்கும். முண்டக உபநிடதம் அறிவினைப் பரவித்தை, அபரவித்தை என இரண்டாகப் பகுத்தல் காண்க. ஒலியால் இதனை நெருங்கிய ‘பராத்பரம்’ என்பது மேலானவற்றுக்கும் மேலானது என உயர்ச்சியை மட்டுமே உணர்த்தும்; பராபரமோ மேல் கீழ் இரண்டையும் தழுவும். படைத்தவனும் படைப்பும் வெவ்வேறு எனக் கொள்ளும் கிறித்தவக் கோட்பாட்டுக்கு இத்தழுவற்பொருள் முற்றும் இயைவதன்று. ஆதலின், பெயர்ப்பாளர் சொற்பிறப்பை நோக்காது, முழுமுதல் என்னும் வழக்குப்பொருளையே கொண்டனர் எனத் துணியலாம்.

இனி, ஈற்றை நோக்குவோம். 18ஆம் நூற்றாண்டிலேயே வாழ்ந்த தாயுமானவர் தம் பராபரக்கண்ணியின் 389 கண்ணிகளிலும் ‘பராபரமே’ என்றே விளித்தார். அது அஃறிணை வடிவம். கிறித்தவர் மறையிலோ அன் ஈறு பெற்றுப் ‘பராபரன்’ ஆயிற்று. தெய்வத்தைச் சுட்டும் பெயர்க்குத் தனக்கென ஈறு இல்லை. அது உயர்திணைப் பால்களாகவே பிரிந்திசைக்கும் என்பது தொல்காப்பியர் கிளவியாக்கத்திற் கூறும் விதி. அவ்விதிக்கு இயைந்த வடிவமே, பேசுபவரும் சினப்பவரும் இரங்குபவருமாகிய விவிலியக் கடவுளுக்கு வாய்ப்பாயிற்று.

எனினும், இச்சொல்லின் சிறப்பே இதற்கு இடராகவும் அமைந்தது. விவிலியத்தின் எபிரேய மூலத்தில் ‘எலோகிம்’ என்னும் ஒரே சொல் இசுரவேலின் கடவுளையும் பிற இனத்தார் வணங்கிய தெய்வங்களையும் குறிக்கும். கிரேக்கத் ‘தெயோசு’ என்பதும் அத்தகையதே. கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் 8ஆம் அதிகாரத்தில், தேவர் பலர் எனப்பட்டாலும் நமக்குக் கடவுள் ஒருவரே எனப் பவுல் வாதிடுமிடத்து, பன்மையும் ஒருமையும் ஒரே சொல்லின் இரு வடிவங்களாய் எதிர்நிற்றலே வாதத்தின் வலிமை. ‘பராபரன்’ என்பதற்குப் பன்மை வழங்காது. எனவே பலரைக் குறிக்க வேறொரு சொல்லை நாடவேண்டும். நாடின் எதிர்நிலை தளரும். 1871ஆம் ஆண்டுத் திருத்தப் பெயர்ப்பில் போவர் ஐயர் குழுவினர் ஆண்ட ‘தேவன்’ என்னும் சொல்லோ ‘தேவர்கள்’ எனப் பன்மையும் ஏற்கும். அஃது அவ்விடத்துப் பெற்ற ஊதியம். ஒப்பற்ற ஒருவனுக்கே உரிய பெயரை விட்டமை அதற்கு ஈடாகக் கொடுத்த விலை.

அவ்விலையை மக்கள் எளிதில் கொடுத்தாரல்லர். பழைய பெயர்ப்பை இரேனியுசு ஐயர் திருத்த முற்பட்ட ஞான்று, தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) கடுமையாக எதிர்த்தார். ஓதியும் பாடியும் பழகிய மறைமொழி மாறுவதை அவர் உள்ளம் ஏற்கவில்லை. அவர்தம் கீர்த்தனை ஒன்றில் ‘பராபர வஸ்து’ என்னும் தொடர் கிறித்துவுக்கு அடையாய் வருதல் குறிப்பிடத்தக்கது. உரைநடை மறையில் அன் ஈறு பெற்ற சொல், பாட்டில் மீண்டும் அஃறிணைச் சாயல் பெற்றது. சைவர் பாடிய வடிவத்தை அணுகக் கிறித்தவப் புலவர் அஞ்சவில்லை என்பதற்கு இது சான்று.

1995இல் வந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்றே கூறும். பராபரன் மறையினின்று நீங்கினும், கீர்த்தனைகளில் அதன் ஒலி இன்னும் நிலவுகின்றது. சமயச்சொல்லைப் பெயர்ப்போர் அதன் பொருளை மட்டும் நிறுத்துப் பார்த்தல் போதாது. ஈறும் எண்ணும் அதனைப் பாடிய வாயும் உடன்வைத்து எண்ணத்தக்கன என்பதே இச்சொல்லின் வரலாறு நமக்கு உணர்த்துவதாகும்.