சீருடை அணியாத போரியல் அறிஞர்

போரைப் பற்றி ஆராய்வது படைத்தலைவர்க்கே உரிய பணி என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. படைமாட்சி, அரண், ஒற்றாடல் என வள்ளுவர் தனித்தனி அதிகாரங்கள் வகுத்திருந்தும் அவ்வெண்ணம் மாறவில்லை. அதனாலேயே கே. சுப்பிரமணியம் என்னும் தமிழரின் பெயரை நம் மாணவருள் பலர் அறிந்திலர்.

1929இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயின்று, 1951இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தார். 1962இல் சீனாவிடம் அடைந்த தோல்வியும், 1964இல் அந்நாடு நடத்திய அணுகுண்டுச் சோதனையும் இந்தியாவை உலுக்கின. மறு ஆண்டே புதுதில்லியில் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் தோன்றியது. லண்டன் பொருளியல் கல்லூரியில் ஓராண்டு போர் உத்தி பயின்று திரும்பிய சுப்பிரமணியம், 1968இல் அதன் இயக்குநரானார். 1980இல் மீண்டும் அப்பொறுப்பை ஏற்று ஏழாண்டுகள் வகித்தார்.

இங்கு ஒரு சிக்கலை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கழகத்திற்குப் பொருளுதவி செய்தது பாதுகாப்பு அமைச்சு. இயக்குநரோ அரசு அலுவலர். அத்தகையவர் அரசின் கொள்கையைத் தடையின்றி ஆராய இயலுமா? அரசு தயங்கிய காலத்திலேயே, இந்தியாவுக்கு அணுவாயுதம் வேண்டும் என்று அவர் வெளிப்படையாக எழுதினார். அம்முடிவை நாம் ஏற்க வேண்டியதில்லை. அதை ஏற்காதோர் அன்றும் பலர் இருந்தனர். ஆனால் மறைவில் பேசப்பட்டதைப் பொதுமன்றத்திற்குக் கொணர்ந்த துணிவு மதிக்கத்தக்கது. 1999இல் அவர் தலைமையில் உருவான அணுக்கொள்கை வரைவு, அணுவாயுதத்தை முதலில் பயன்படுத்துவதில்லை என்னும் நெறியையும் வகுத்தது.

அதே ஆண்டு கார்கில் போர் முடிந்ததும், அதனை ஆராயும் குழுவுக்கு அவரே தலைவரானார். உளவு அமைப்புகளின் குறைகளை அறிக்கை வெளிப்படையாகச் சுட்டியது. 2000இல் அது நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. சில பகுதிகள் மட்டும் மறைக்கப்பட்டன. போர் முடிந்த சில மாதங்களிலேயே அத்தகைய அறிக்கை பொதுமக்கள் கையில் கிடைப்பது எந்நாட்டிலும் அரிது. பத்மபூஷண் விருதை, அரசு அலுவலரும் இதழாளரும் அரசின் விருதுகளைப் பெறலாகாது என்று கூறி அவர் மறுத்துவிட்டார்.

நம் வட்டாரத்திலும் இதற்கு இணையுண்டு. 1996இல் சிங்கப்பூரில் பாதுகாப்பு, போர் உத்தி ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டபோது, அதன் முதல் இயக்குநர் எஸ். ஆர். நாதன், அவரும் படையிலிருந்து வந்தவரல்லர். பின்னர் எஸ். ராஜரத்தினத்தின் பெயரைத் தாங்கிய அந்நிறுவனத்தில் இன்று படை அலுவலரும் பிற துறையினரும் ஒரே வகுப்பில் அமர்ந்து பயில்கின்றனர்.